உஷார்! ஐரோப்பாவில் கார் ஓட்டக் கிளம்பும் கொச்சிக்காரர்களே, கொஞ்சம் நில்லுங்கள்

‘பதினாலு நாள், ஒன்பது நாடு, கார்ச் சாவி உங்கள் கையில்!’ மட்டாஞ்சேரி, தோப்பும்படி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி விளம்பரங்கள் சுற்றுகின்றன. பின்னால் பனிமலை, முன்னால் சிவப்புக் கார், கீழே ஒரு போன் நம்பர். ஏப்ரல், மே பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பத் துணிந்துவிட்ட குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே இருக்கின்றன. எந்த ஊரில் எந்த ஹோட்டல் என்று மனப்பாடமாகச் சொல்கிறார்கள். விசாவில் எத்தனை முறை நுழைய அனுமதி என்று கேட்டால், “அதெல்லாம் ஏஜென்ட் பார்த்துப்பார்” என்கிறார்கள். அந்தப் பதிலைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆசையில் தப்பே இல்லை. எர்ணாகுளத்தில் ஒரு சின்ன டீக்கடையை வைத்துக்கொண்டு, தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, போதாததற்குக் கடன் வாங்கி, திரும்பி வந்து அதை அடைத்து, 26 நாடுகளைப் பார்த்த கே.ஆர்.விஜயன், மோகனா தம்பதியின் ஊர் இது. 2021-ல் ரஷ்யா போய் வந்த கொஞ்ச நாளில், அந்த நவம்பரில் விஜயன் காலமானார். 2014-ல் இயக்குநர் லால் ஜோஸ், பைஜு என்.நாயர், சுரேஷ் ஜோசப் மூவரும் கொச்சியிலிருந்து லண்டனுக்குக் காரிலேயே கிளம்பியதையும் இந்த ஊர் மறக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விஜயனும் மோகனாவும் போனது பொறுப்பானவர்கள் கூட்டிப்போன குழுப் பயணங்களில். லால் ஜோஸுடன் போன இருவரில் ஒருவர் வாகனப் பத்திரிகையாளர்; இன்னொருவர் ரயில்வேயில் உயரதிகாரியாக இருந்தவர், நெடுந்தூரம் காரோட்டுவதில் ஊறியவர். காகிதம், எல்லை, காப்பீடு எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆள் இருந்தது. நம் வீட்டுப் பயணத்தில் அந்த ஆள் யார்? முதலில் இதை முடிவு செய்யுங்கள். போன் நம்பர் மட்டும் உள்ள ஏஜென்ட் அந்த ஆள் இல்லை.

நமக்குப் பழக்கமான எல்லை வாளையாறு. பாலக்காட்டைத் தாண்டினால் பெயர்ப்பலகையின் மொழி மாறும், மற்றபடி அதே லைசென்ஸ், அதே சட்டம், அதே ஃபாஸ்டேக். ஜெர்மனியிலிருந்து ஆஸ்திரியாவுக்குள் நுழைவதும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். கேட் இல்லை, நிறுத்த ஆள் இல்லை, ஒரு நீலப் பலகை கண்ணெதிரே வந்து போகும். ஆனால் அந்தப் பலகையைத் தாண்டிய நொடியில் சாலைக் கட்டணம், வேக வரம்பு, அபராதத் தொகை, காரில் வைத்திருக்க வேண்டிய பொருள் எல்லாம் மாறிவிடுகின்றன. யாரும் நிறுத்தவில்லை என்பதால் யாரும் கணக்கு வைக்கவில்லை என்று நினைக்காதீர்கள். அங்கே மாட்டிக்கொள்கிற பலர் உண்மையில் இங்கே, விமானம் ஏறும் முன்பே மாட்டிக்கொண்டவர்கள்.

முதல் கண்ணி, விசா ஸ்டிக்கர். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவதற்கு முன்னால் அந்த ஸ்டிக்கரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். அதில் மூன்று விஷயங்கள் இருக்கும்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும், எத்தனை முறை நுழையலாம், மொத்தம் எத்தனை நாள் தங்கலாம். தேதி இடைவெளி ஒரு மாதமாக இருக்கும். தங்கும் நாள் 14 என்று இருக்கும். வழக்கமாக ஒரு பதினைந்து நாள் சலுகையைத் தேதியில்தான் கூட்டிக் கொடுக்கிறார்கள், தங்கும் நாளில் அல்ல. ‘மே கடைசி வரை விசா இருக்கிறதே’ என்று பதினைந்தாம் நாளும் கார் ஓட்டிக்கொண்டிருந்தால் அது சட்டவிரோதத் தங்கல். இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் சேர்த்தே கணக்கு. நள்ளிரவுக்குப் பத்து நிமிஷம் முன்னால் இறங்கினாலும் அது ஒரு முழு நாள்.

முன்பெல்லாம் அதிகாரி முத்திரையைப் பார்த்து மனக்கணக்குப் போடுவார். சில நேரம் கண்ணில் படாமல் போகும். அந்தக் காலம் முடிந்தது. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்கு வெளி எல்லைகளில், புதிய நுழைவு, வெளியேற்றப் பதிவு முறையைக் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள். முகமும் விரல்ரேகையும் சரிபார்க்கப்படுகின்றன. நாள் கணக்கைக் கம்ப்யூட்டர் போடுகிறது. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்ற பொது விதியும் அதே கணக்கில்தான் ஓடுகிறது. ஒரு நாள் கூடினாலும் பதிவில் ஏறிவிடும். அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

நுழைவு எண்ணிக்கை இதைவிட மோசமான கண்ணி. ஷெங்கனில் இப்போது 29 நாடுகள். குரோஷியா 2023-ல் சேர்ந்தது. ருமேனியா, பல்கேரியா நாடுகளின் தரை எல்லைகள் 2025 ஜனவரி 1-ல் திறந்தன. ஆனால் பிரிட்டன் இதில் இல்லை, அயர்லாந்து இல்லை, சைப்ரஸ் இல்லை. செர்பியா, போஸ்னியா, மாண்டெனெக்ரோ, அல்பேனியா எதுவும் இல்லை. வரைபடத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. குரோஷியாவின் துப்ரோவ்னிக் நகரத்தில் தங்கியிருப்பவர், ‘பக்கத்தில்தானே, மோஸ்தாரின் பழைய பாலத்தைப் பார்த்துவிட்டுச் சாயந்திரம் வந்துவிடலாம்’ என்று காரை எடுத்தால் அவர் போவது போஸ்னியாவுக்கு. கையில் இருப்பது ஒற்றை நுழைவு விசா என்றால் ஷெங்கனை விட்டு வெளியேறிய கணத்தில் அது முடிந்தது. பெட்டி படுக்கை துப்ரோவ்னிக் ஹோட்டலில், திரும்பும் விமானம் இன்னொரு ஊரில், குடும்பம் எல்லைச் சாவடியில். கெஞ்சிப் பயனில்லை. குரோஷியாவுக்கு உள்ளேயே ஸ்ப்ளிட்டிலிருந்து துப்ரோவ்னிக் போகும் பழைய கடற்கரைச் சாலைகூட, நடுவில் நெயும் என்ற ஊரில் சில கிலோமீட்டர் போஸ்னியாவுக்குள் புகுந்து வெளியே வருகிறது. 2022 ஜூலையில் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலம் வழியாகப் போனால் அந்தத் தொல்லை இல்லை. எந்தச் சாலை என்பதை வண்டியை எடுக்கும் முன் நீங்கள் தீர்மானித்திருக்க வேண்டும். வழிகாட்டிக் கருவிக்கு உங்கள் விசா தெரியாது.

நர்ஸ் வேலைக்குப் போன அக்காவோ தங்கையோ டப்ளினில், லண்டனில் இருக்கிறார்கள் என்பது இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு கதை. அவர்களைப் பார்த்துவிட்டு அப்படியே பிரான்ஸுக்குள் ஓட்டிப் போகிற திட்டமா? பிரிட்டிஷ், அயர்லாந்து விசாக்கள் வேறு, ஷெங்கன் விசா வேறு. பாரிஸில் இறங்கி, லண்டன் போய், மறுபடி காலே துறைமுகம் வழியாக உள்ளே வந்தால் ஷெங்கனில் அது இரண்டு நுழைவு. இன்னும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் அக்காவுக்கும் அங்கிருந்து ஷெங்கன் விசா எடுக்க வேண்டும் என்பதை அவரே சில சமயம் மறந்துவிடுகிறார்.

இனி ஏஜென்ட் சமாசாரம். “அண்ணா, இத்தாலிக்கு ஸ்லாட் இல்லை. வேற ஒரு நாட்டுக்கு இருக்கு. அங்கே தங்குற மாதிரி டம்மி ஹோட்டல் போட்டுக் கொடுத்துடலாம். உள்ளே போயிட்டா எங்கே வேணும்னாலும் சுத்துங்க.” இந்த வாக்கியத்தை யாராவது உங்களிடம் சொன்னால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகத்துக்குத்தான் விண்ணப்பம் போக வேண்டும். எல்லாம் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாட்டுக்கு. அதுதான் விதி. பொய்த் திட்டத்தைக் கொடுத்து விசா வாங்கி, விமான நிலையத்தில் ‘எங்கே தங்குகிறீர்கள்’ என்ற ஒற்றைக் கேள்வியில் உளறி, விசா ரத்தாகித் திரும்பி வந்தால் அந்தக் கறை ஏஜென்ட்டின் பாஸ்போர்ட்டில் விழாது, உங்களுடையதில்தான் விழும். குழந்தைகளுடையதிலும் விழும். 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இந்தியர்களுக்கென்று ஒரு நல்ல காரியம் செய்தது: மூன்று வருஷத்துக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு, அடுத்து இரண்டு வருஷப் பல நுழைவு விசா, அதன் பிறகு ஐந்து வருஷம் என்று வழி திறந்துவிட்டது. ஒரு டம்மி புக்கிங்குக்காக அந்தக் கதவை நீங்களே சாத்திக்கொள்ளாதீர்கள். ‘விசா கேரண்டி’ என்ற சொல்லுக்கும் அர்த்தம் கிடையாது. முடிவு தூதரகத்துடையது, பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ விண்ணப்பக் கட்டணம், மறுத்தால் திரும்ப வராது. பேக்கேஜுக்கு முன்பணம் கட்டும்போது, விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள், ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். தகராறு வந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையமோ, 1915 என்ற தேசிய உதவி எண்ணோ கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.

அடுத்து லைசென்ஸ். இதில் நம் ஊருக்கென்று ஒரு தனி ஆபத்து இருக்கிறது. கேரளத்தில் லைசென்ஸ் அட்டை அச்சாகி வருவது தடுமாறி, இப்போது போனில் காட்டும் டிஜிட்டல் லைசென்ஸே வழக்கமாகி வருகிறது. எம்.ஜி. ரோட்டில் போலீஸ் நிறுத்தினால் போனை நீட்டிவிட்டுப் போகலாம். மிலானிலோ மியூனிக்கிலோ வாடகைக் கார் கவுன்ட்டரில் அது செல்லாது. கையில் தொட்டுப் பார்க்கிற அசல் அட்டை வேண்டும், அதோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகமும் வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் கார் இல்லை. கட்டிய பணம் திரும்பி வருவதும் கஷ்டம்.

அந்த அனுமதியை இந்தியாவில் கொடுப்பது ஆர்.டி.ஓ. மட்டும்தான். மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு கேஎல்-43 அலுவலகம், நகரத்துக்காரர்களுக்குக் காக்கநாடு. விண்ணப்பத்தை பரிவாகன் தளத்திலேயே போடலாம். கட்டணம் ஆயிரம் ரூபாய். ஒரு வருஷம் வரைதான் செல்லும், அதற்குள் லைசென்ஸ் காலாவதியானால் அதோடு முடிந்தது. 2022-லிருந்து நாடு முழுக்க ஒரே வடிவம், கியூஆர் குறியோடு. ஆகவே ‘பத்து வருஷ சர்வதேச லைசென்ஸ், வீட்டுக்கே வரும்’ என்று இணையத்தில் விற்கிற பளபளப்பான பிளாஸ்டிக் அட்டை வெறும் பிளாஸ்டிக். அதை நம்பி விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். எந்தெந்த நாட்டில் ஓட்டப்போகிறீர்களோ அந்த ஒவ்வொரு நாட்டுக்கும் நம் அனுமதி எந்த நிபந்தனையில் செல்லும் என்பதைத் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு நாட்டில் செல்வதால் அடுத்த நாட்டிலும் செல்லும் என்று பொருளில்லை.

வாடகை ஒப்பந்தத்தில் நாலு இடத்தை விரல் வைத்துப் படியுங்கள். முன்வைப்புத் தொகையைப் பிடித்து வைக்க, பிரதான ஓட்டுநரின் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டைத்தான் பெரும்பாலான நிறுவனங்கள் கேட்கின்றன. டெபிட் கார்டும் ஃபாரெக்ஸ் கார்டும் பல இடங்களில் எடுபடாது. கணவர் பெயரில் புக்கிங், மனைவி பெயரில் கார்டு என்றாலும் சிக்கல். காரை எந்த நாடுகளுக்குள் கொண்டுபோகலாம் என்ற பட்டியல் உண்டு. அதில் இல்லாத நாட்டில் கார் உரசினால் காப்பீடு முழுக்கப் போய்விடலாம். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் அதற்கான தனிக் கட்டணம் சில சமயம் வாடகையையே தாண்டும். டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம் சாதாரணக் காப்பீட்டில் பல நேரம் சேராது. கேட்காமல் விட்டால் கிடைப்பது கியர் வண்டி. ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் முன்கூட்டியே, கூடுதல் பணம் கொடுத்து.

சொந்தக்காரர் காரை ஓட்டுவது இதைவிடப் பாதுகாப்பு என்று எண்ணி ஏமாறாதீர்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் காப்பீடு பொதுவாகப் பெயர் குறித்த ஓட்டுநர்களுக்கு மட்டும். “நீ ஓட்டு மச்சான்” என்று சாவியைக் கொடுத்தால் போதாது. பாலிசியில் உங்கள் பெயர் ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் ஓட்டினால் காப்பீடில்லாத வண்டி ஓட்டிய குற்றம். வண்டியைப் பறிமுதல் செய்வார்கள், மச்சானும் மாட்டுவார்.

சாலைக்கு வருவோம். வலது பக்கம் ஓட்டுவது அரை மணியில் பழகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். நேர்ச்சாலையில் பழகும். பழகாதது பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, ஆளில்லாத கிராமத்துச் சாலையில் திரும்பும்போது, காலை ஆறு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஹோட்டல் வாசலை விட்டு இறங்கும்போது. கை தன்னாலே இடப்பக்கம் இழுக்கும். எதிர்த்திசையில் யாராவது நுழைந்துவிட்டால் ஜெர்மன் வானொலி நிகழ்ச்சியையே நிறுத்தி அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு உங்களைப் பற்றியதாக இருக்கக் கூடாது. நெடும்பாசேரியில் இரவு ஏறி, வளைகுடாவில் விமானம் மாறி, மறுநாள் இறங்கியவுடன் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுகிற திட்டத்தைத் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள். முதல் இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்குங்கள். பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கே வழி என்பது ஐரோப்பாவின் பெரும்பகுதியில் சட்டம். ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போகும் நம் வழக்கம் அங்கே நேரே மோதலில் கொண்டுபோய் விடும். மதியச் சாப்பாட்டோடு ஒரு பீர் என்பது செக், ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, ருமேனியா நாடுகளில் ஓட்டுநருக்கு அறவே கூடாது. அங்கே அனுமதி அளவு பூஜ்யம்.

இத்தாலியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஃப்ளாரன்ஸ், ரோம், பைசா, சியெனா என்று பழைய நகரங்களின் நடுப்பகுதிக்குள் வெளி வண்டிகள் நுழையத் தடை உண்டு. இசட்.டி.எல். என்பார்கள். தெரு முனையில் வெள்ளை வட்டம், சுற்றிச் சிவப்பு வளையம், கீழே நேரம் எழுதிய சின்னப் பலகை, மேலே கேமரா. அவ்வளவுதான். தடுப்புக் கட்டை இருக்காது. பக்கத்தில் ஒளிரும் பலகையில் ‘வார்க்கோ அத்தீவோ’ என்று வந்தால் தடை அமலில் இருக்கிறது, போகாதே என்று பொருள். நம்மவர் அதை வழி திறந்திருக்கிறது என்று நினைத்து உள்ளே போகிறார். ஹோட்டலைத் தேடி அதே தெருவை மூன்று முறை சுற்றினால் மூன்று அபராதம். அப்போது ஒன்றும் தெரியாது. ஊருக்கு வந்து, மழைக்காலமும் முடிந்து, ஓணத்துக்குச் சாமான் வாங்கும்போது கார்டிலிருந்து வாடகை நிறுவனம் கையாளும் கட்டணம் என்று ஒரு தொகையை எடுத்திருக்கும். உங்கள் முகவரியைப் போலீஸுக்குக் கொடுத்ததற்கான கூலி அது. அசல் அபராதச் சீட்டு அதற்குப் பிறகு தபாலில் வரும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு 360 நாள் வரை அனுப்ப அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே காரை நகரத்துக்கு வெளியே நிறுத்தும் இடத்தில் விட்டு, பஸ்ஸிலோ டிராமிலோ உள்ளே போங்கள். தடைப் பகுதிக்குள் இருக்கும் ஹோட்டல் என்றால், வண்டி நம்பரை அவர்கள் நகராட்சிக்குத் தெரிவிப்பார்களா என்று புக்கிங்குக்கு முன்பே கேளுங்கள்.

சாலை வரி வில்லை சமாசாரம் சுருக்கமாக: சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, செக், ஹங்கேரி போன்ற நாடுகளில் நெடுஞ்சாலையில் ஏறும் முன்பே அதை வாங்கியிருக்க வேண்டும். சுவிஸில் ஒரு நாள் ஓடினாலும் வருஷத்துக்கான 40 ஃபிராங்க் வில்லைதான். இல்லாமல் பிடிபட்டால் 200 ஃபிராங்க் அபராதம், வில்லையின் விலை தனி. பிரான்ஸில் கேட்டே இல்லாத சுங்கச் சாலைகள் வந்துவிட்டன. அவற்றில் போனால் 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நாமே பணம் கட்ட வேண்டும்.

விடுமுறை மாதத்தால் வரும் ஏமாற்றமும் உண்டு. விளம்பரத்தில் பார்த்த அந்த வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை பெரும்பாலும் ஃபுர்காவாகவோ ஸ்டெல்வியோவாகவோ இருக்கும். நம் பள்ளிகள் மூடியிருக்கும் ஏப்ரலிலும் மே மாதத்தின் பெரும்பகுதியிலும் அவை பனியில் மூடிக் கிடக்கும். மே கடைசியோ ஜூனோ ஆகும் திறக்க. அந்தப் பாதையைக் காட்டி ஏப்ரலுக்கு டிக்கெட் விற்பவரிடம் கேள்வி கேளுங்கள்.

காருக்குள் பையை விட்டுப் போகாதீர்கள். ஐந்து நிமிஷம் என்றாலும் வேண்டாம். வாடகைக் கார் என்று தெரிந்தால் கண்ணாடியை உடைக்கத் திருடருக்கு அரை நிமிஷம் போதும். டயர் பஞ்சர் என்று சைகை காட்டி நிறுத்தச் சொல்கிறவருக்காக நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். வெளிச்சமுள்ள பங்க் வரை போங்கள். பாஸ்போர்ட் போனால் பயணம் அங்கேயே முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூதரகம் கொடுக்கும் அவசரச் சான்றிதழ் இந்தியா திரும்புவதற்கு மட்டும்தான். போலீஸ், ஆம்புலன்ஸ் எதற்கும் எல்லா நாட்டிலும் 112. மருத்துவக் காப்பீடு விசாவுக்காகக் குறைந்தது 30,000 யூரோ காட்ட வேண்டும். பெரியவர்கள் கூட வந்தால் அதோடு நிற்காதீர்கள், பழைய நோய்களுக்கும் அது பொருந்துமா என்று படித்துப் பாருங்கள்.

இப்போது என்ன செய்வது? பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதி பாருங்கள்: வழங்கிப் பத்து வருஷத்துக்குள் இருக்க வேண்டும், ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்ல வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். லைசென்ஸ் அட்டை கையில் இல்லை என்றால் இந்த வாரமே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், அது வராமல் டிக்கெட் போடாதீர்கள். நாட்டின் எண்ணிக்கையை ஒன்பதிலிருந்து மூன்றாகக் குறையுங்கள். பதினாலு நாளுக்கு அதுவே நிறைய. ஷெங்கன் விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே வாங்குகிறார்கள், கடைசிக் கெடு 15 நாள் முன்னால். பரிசீலனை 15 நாளில் முடியலாம், 45 நாள் வரையும் இழுக்கலாம். ஏப்ரல் 20-ல் கிளம்புகிறவருக்கு அக்டோபர் 20-லேயே கதவு திறந்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் முடியட்டும், கொச்சி கார்னிவல் முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் மார்ச்சில் ஸ்லாட் கிடைக்காது. அப்போது மறுபடி அந்த ஏஜென்ட்டிடம்தான் போய் நிற்பீர்கள், “வேற நாட்டுக்குப் போட்டுடலாம் அண்ணா” என்று அவர் சொல்வதைக் கேட்க.